ஓடைக்குள் ஆள் இல்லை

எங்கள் ஊரில் வெள்ள எச்சரிக்கை கொடுத்தால் ஜனங்கள் ஓடைக்குள் இறங்குவார்கள். இதை நான் முதலிலேயே சொன்னேன். ஜெரால்டு சார் சிரித்தார். படித்தவர், வெளியூர்க்காரர், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெடுமடை மலையடிவாரத்து ஊர். ஓடை வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். அதில் கபடி ஆடுவோம், சோளத்தட்டை காயப்போடுவோம், ஒரு முறை கல்யாணப் பந்திகூட நடந்தது. மலையில் மழை பெய்து எப்போது தண்ணீர் வந்தாலும் அதைத் தானாக வரவிடுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. போய் அழைத்து வரவேண்டும். அந்த உரிமை ஒரு வீட்டுக்கு மட்டும் உண்டு. அந்த வீட்டு மனிதர் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, சூடத்தோடு ஓடைக்குள் இறங்குவார். தண்ணீருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவார். மேளம் கூட வரும். ஊர் கூட வரும். கண்மாய் வாசலை அடைந்ததும் அந்த வீட்டுப் பெண்பிள்ளை தண்ணீருக்கு ஓர் அரளி மாலை போடுவாள். அழைக்காத தண்ணீர் கண்மாயில் தங்காது என்பது எங்கள் நம்பிக்கை. கரையில் ஓட்டை இருப்பதால் அழைத்த தண்ணீரும் தங்குவதில்லை. அது வேறு விஷயம்.

அந்தக் காலத்துத் தண்ணீர் நடந்து வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். இப்போது மலையில் மழை பெய்வதில்லை, கொட்டுகிறது. இடிமேகம் ஒரே இடத்தில் நின்று, ஒரு மாதத்து மழையை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. கீழே ஊரில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஓடையில் கல்லும் மரமுமாக ஆளுயரத்துக்கு வந்து நிற்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி வந்த தண்ணீரை அழைக்கத்தான் சங்கிலி அண்ணன் போனார். பின்பக்கமாக நடக்கிற மனிதரால் ஓட முடியாது. அவரையும் மேளக்காரர்களையும் கண்மாய் முள்ளுக்குள்ளிருந்து எடுத்தோம்.

அந்த உரிமை வீட்டுச் சங்கிலி அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். அவர் மனைவி வேலுத்தாய் மதினி. ஒரே மகள் தாரணி. அவள் வேறு தெருப் பையனைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் போய் அப்போதே ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் வேறு தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து தண்ணீருக்கு மாலை கிடையாது.

அப்பா சாவுக்குத் தாரணி மாலையோடு வந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள். ஊருக்கு மேலே, பாலத்தை ஒட்டி மேட்டில் இருக்கிறது பஸ் ஸ்டாப். மதினி அங்கேயே போய் மறித்தார். என் மைக்செட் அங்கேதான் கட்டியிருந்தேன். மைக்கைக் கேட்டார், கொடுத்தேன்.

"என் சாவுக்கு வா. அதுவரைக்கும் இந்த மண்ணுல காலெடுத்து வைக்காத" என்றார். நான்கு குழாயிலும் கேட்டது. தாரணி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக்செட் கூடலிங்கம். காதுகுத்திலிருந்து கருமாதி வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் என் குரல்தான். நான் சொன்னால்தான் இங்கே ஒருவர் இறந்ததாக அர்த்தம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பேரிடர் துறையிலிருந்து ஜெரால்டு சார் ஓர் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். இயந்திரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மலையில் ஆங்காங்கே கம்பங்கள், ஓடைக் கரையில் கேமராக்கள், பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டி. மலையில் மேகம் கூடும்போதே தண்ணீர் எப்போது வரும், எத்தனை உயரம் வரும் என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். ஊருக்குத் தெரிந்த குரல் வேண்டும் என்று என்னைப் பேசச்சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். அகர வரிசையில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். இனி அது என் குரலில் எதை வேண்டுமானாலும் பேசும் என்றார் சார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு.

முதல் மேகம் கூடியது. "வெள்ளம் வருகிறது, யாரும் ஓடைப் பக்கம் செல்ல வேண்டாம்" என்று எல்லாக் குழாயிலும் என் குரல் ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் ஊரே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓடைக்குள் நின்றது. முன்னால் தாம்பாளத்தோடு வேலுத்தாய் மதினி.

தாலி அறுத்தவள் தாம்பாளம் தூக்கலாமா என்று ஊர் முணுமுணுத்தது. "ஆளக் கொண்டுபோனது தண்ணி. அது எனக்கும் அதுக்கும் உள்ளது. நடுவுல யாரும் வராதீக" என்றார் மதினி. ஊர் விலகி வழிவிட்டது. அவர் தண்ணீரை அழைக்கத்தான் இறங்குகிறாரா, அல்லது திரும்பி வராமல் இருக்கத்தான் இறங்குகிறாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அன்றைக்குத் தண்ணீர் முழங்காலோடு போயிற்று. ஜெரால்டு சார் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது? எச்சரிக்கைதான் குடுத்தோம்."

"எங்களுக்கு அது அழைப்பிதழ் சார்."

"முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"முன்னாடி பாதிப் பேருக்குத் தெரியாமயே தண்ணி வந்துட்டுப் போயிரும். இப்ப நீங்கதான் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டீக."

அவர் மேலிடத்தோடு பேசினார். என்ன சொல்ல வேண்டும் என்பதை இயந்திரமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். டீக்கடையில் வைத்து எனக்கு விளக்கினார்.

"அதுக்கு ஒரே ஒரு வேலைதாண்ணே குடுத்திருக்கோம். தண்ணி வரும்போது ஓடைக்குள்ள ஆள் இருக்கக் கூடாது. அதுக்கு என்ன பேசணும், யார்கிட்ட பேசணும், யார் குரல்ல பேசணும், எல்லாம் அது இஷ்டம். பலிக்கலைன்னா வேற வழி பாக்கும். பலிச்சா ஞாபகம் வச்சுக்கும்."

"பொய் சொல்லுமா சார்?"

"சொல்லக் கூடாதுன்னு யாரும் அதுக்குச் சொல்லல" என்று டீயைக் குடித்தார்.

அடுத்த மேகத்துக்கு ரேஷன் கடையில் பாமாயில் வந்திருப்பதாக என் குரல் அறிவித்தது. ரேஷன் கடை மேட்டில் இருக்கிறது. ஊர் மொத்தமும் கேனோடு அங்கே நின்றது. ஓடையில் பனை மரம் மிதந்து போயிற்று. பெட்டியில் பச்சை எழுத்தில் "ஓடைக்குள் ஆள் இல்லை" என்று வந்தது. ஜெரால்டு சார் அதைப் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். பாமாயில் வராததற்கு ஜனங்கள் என்னைத் திட்டினார்கள்.

அதற்கடுத்து நூறு நாள் வேலைக்காரர்களைப் படம் எடுக்க மலைப்பாதைக்கு வரச்சொல்லியது. அதுவும் பலித்தது. அதோடு ஊர் உஷாராகிவிட்டது. பாமாயில் என்றால் வெள்ளம், போட்டோ என்றால் வெள்ளம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. இயந்திரமும் சளைக்கவில்லை. குழாயை விட்டுவிட்டு ஆளாளுக்குத் தனித்தனியாகப் போன் போட ஆரம்பித்தது.

பொன்னுத்துரைக்கு அவன் ஆடு மேட்டுத் தோட்டத்தில் மேய்கிறது, தோட்டக்காரன் கம்போடு நிற்கிறான் என்று சொல்லியது. கம்போடு அவனும் ஓடினான். குருவம்மாவுக்கு அவள் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கோயில் மேட்டில் வந்து இறங்கியிருப்பதாகச் சொல்லியது. நல்ல சேலை கட்டிக்கொண்டு மகளோடு மேட்டில் போய் நின்றவள், கீழே வெள்ளம் போவதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஓடைக்குள் ஆள் இல்லை.

உயிர் பிழைத்தார்கள். மறுக்கவில்லை. மற்ற காரியங்கள்தான் கெட்டுப்போயின. குருவம்மா மகளுக்கு ஒரு மாதம் கழித்து நிஜமாகவே பெண் பார்க்க வருவதாகப் போன் வந்தது. அவள் வானத்தைப் பார்த்துவிட்டு, ஆடு மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சீனிச்சாமியின் தம்பி சிவகாசியில் இறந்துபோனான். ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னதற்கு, "சரி சரி, எத்தனை அடி தண்ணி?" என்று கேட்டுவிட்டு வைக்கோலை எடுத்துப் பரணில் போட்டார். மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

எனக்கு நடந்ததுதான் பெரிய அவமானம். பெரிய தெருவில் ஒருவர் இறந்துபோய், குழாயில் நானே என் வாயால் அறிவித்தேன். ஒருவர்கூட இழவு வீட்டுக்கு வரவில்லை. எல்லோரும் கட்டிலை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் நேராகப் பஞ்சாயத்து அலுவலகம் போனேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சார், நாளைக்கு நெசமாவே ஒண்ணு நடந்தா யார் சொல்லி யார் நம்புறது?"

"உயிர் பெருசாண்ணே, உண்மை பெருசா?"

"உயிரோட இருக்கவன்தான சார் உண்மையக் கேக்குறான்."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது எங்க துறை இல்லண்ணே" என்றார்.

இத்தனைக்கும் அசையாத ஒரே ஆள் வேலுத்தாய் மதினிதான். மற்றவர்களெல்லாம் பயந்தோ சலித்தோ ஓடைக்குப் போவதை விட்டுவிட்டார்கள். மேளம் நின்றுவிட்டது. பட்டுச்சேலைகள் பெட்டிக்குள் போய்விட்டன. மதினி மட்டும் மேகம் இடித்தால் தாம்பாளத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். வீடு எரிகிறது என்று போன் வந்தது. "எரியட்டும், தண்ணி வந்து அணைக்கும்" என்று வைத்துவிட்டார். அந்த முறை பொன்னுத்துரையும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். என் தோளில் கடித்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலை கருத்தது. மதினி ஓடைக்குள் நின்றார். நான் கரையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்து குங்குமம் மணலில் கொட்டியது.

"எங்க நிக்கிற?" என்று கேட்டார். பிறகு தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அவர் பஸ் ஸ்டாப்பை அடைவதற்குள் ஓடையில் தண்ணீர் சுவர் மாதிரி வந்து, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் இல்லை. ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது. மழை கீழேயும் பிடித்துக்கொண்டது. மதினி நனைந்துகொண்டே ஒவ்வொரு பஸ்ஸின் இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குடை பிடித்தேன். கூப்பிட்டால் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கு முன்பே புரிந்திருந்தது. சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலையில் மதினி என் கடைக்கு வந்தார். ஜெரால்டு சாரும் அங்கே இருந்தார். மதினி தன் போனை மேசை மேல் வைத்தார்.

"எம்மக குரல் அதுக்கு எப்படிக் கெடைச்சது?"

சார் நெளிந்தார். "உங்க பொண்ணு சமையல் வீடியோ போடுறாங்கம்மா. அதுல குரல் இருக்கு."

"அது எத்தனையோ பேரு போடுறாக. என்கிட்ட எம்மக பேரச் சொல்லணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க... தெனம் சாயங்காலம் அந்த வீடியோவைத்தான் பாக்குறீங்கம்மா. உங்க போனுக்குத் தெரியும்."

மதினி என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஒயரைப் பார்த்தார். மகள் பெயரைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தவர். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"நான் செத்தாலும் சரி, இனிமே அவ குரல்ல அது பேசக் கூடாது" என்றார் கடைசியில்.

"பேசாதும்மா. உறுதியாச் சொல்றேன். தெரிஞ்சுபோன பொய்யை அது மறுபடி சொல்லவே சொல்லாது. பலிக்காதுன்னு அதுக்குத் தெரியும்."

"சொன்னா?"

"சொன்னா அது பொய்யா இருக்காது" என்றார் சார், பேச்சை முடிக்கிற அவசரத்தில்.

மதினி போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்தப் போன் அவ்வளவு நேரமும் மேசை மேல்தான் கேட்டுக்கொண்டு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கார்த்திகையில் மறுபடி மலை இடித்தது. காலையிலிருந்தே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஊர் கட்டிலோடு மேட்டுக்குப் போய்விட்டது. மதினி புதுத் தாம்பாளம் வாங்கியிருந்தார். ஓடையின் நடுமணலுக்குப் போய், மலையைப் பார்த்து நின்றார். இந்த முறை அவரைக் கடி வாங்கியாவது தூக்கிவிடுவது என்று நானும் இறங்கினேன். தண்ணீருக்கு முன்னால் வருகிற காற்று வந்துவிட்டது. பச்சை இலையும் சேறும் கலந்த வாடை.

"மதினி, வாங்க போவோம்."

"நீ போ கொழுந்தனாரே. ஒனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

"ஒங்களுக்கும் இருக்கு."

அப்போது போன் அடித்தது. எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் குரல் கேட்டது. தாரணியேதான். "அம்மா, பஸ் ஸ்டாப்ல நிக்கிறேம்மா."

மதினி போனைக் கீழே இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த சாரு என்ன சொன்னாரு அன்னைக்கு?"

"தெரிஞ்ச பொய்யத் திருப்பிச் சொல்லாதுன்னாரு."

"அப்ப?"

பஸ் ஸ்டாப்பில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் மனதுக்குள் தோன்றியது. இன்னொரு முறை அவர் அங்கே ஏமாந்து நின்றால், அதற்குப் பிறகு எந்தப் பொய்யும் அவரை இந்த மணலிலிருந்து எழுப்பாது. ஆனாலும் உயிரோடு ஏமாறட்டும் என்று நினைத்தேன்.

"வாங்க, போய்ப் பாத்துருவோம்" என்றேன்.

தாம்பாளத்தோடு நடந்தார். நாங்கள் பாலத்து மேட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில், நாங்கள் நின்ற இடத்தின் மேல் பாறைகள் உருண்டு போயின. மதினி திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் காலியாக இருந்தது. அவர் முகம் அப்படியே அடைத்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. பின்வாசலில் தாரணி இறங்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. இறங்கியவள் முதலில் என்னைப் பார்த்து, விம்மலோடு வாயைத் திறந்தாள். அப்புறம் எனக்குப் பக்கத்தில் நின்ற தாயைப் பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பஸ் போய்விட்டது. மூன்று பேரும் நின்றோம். தாரணி மெதுவாக என் பக்கம் வந்தாள்.

"சித்தப்பா, நீங்கதான காலைல போன் பண்ணி... அம்மா தவறிட்டாகன்னு..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்த பொய்யை அது மறுபடி சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் மகள் நிற்கிறாள் என்பதை உண்மையாக்கிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு வேண்டிய பொய்யை வேறோர் இடத்தில் செலவழித்திருக்கிறது. என் சாவுக்கு வா என்று தாய் மைக்கில் சொன்னதை இந்த ஊரில் யார்தான் கேட்கவில்லை, யார்தான் போனில் பேசவில்லை. பஸ் வந்துசேரும் நேரம் வரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறது. என் குரலை நம்பி, உலகத்தில் கடைசியாக ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாள். வெட்கக்கேடு, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆமா, நான்தான்" என்று மட்டும் சொன்னேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மதினி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இளைத்துவிட்டாளா, பெருத்துவிட்டாளா என்று அளப்பது தெரிந்தது. பிறகு அவர் கண் அவள் கைக்கு வந்தது.

"மாலை யாருக்கு?"

தாரணி என்னைப் பார்த்தாள். பொய் பொய் என்று மாதக்கணக்கில் பஞ்சாயத்து அலுவலகத்தில் கத்திய மனிதன் நான்.

"தண்ணிக்கு மதினி" என்றேன். "தண்ணி வருதுன்னு சொன்னேன். மாலையோட வந்துட்டா."

மதினி மாலையைக் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார். "தண்ணிக்கு அரளியில்ல போடணும்."

"டவுன்ல அரளி கெடைக்கலம்மா" என்றாள் தாரணி. அவள் குரல் உடைந்திருந்தது.

"ம்" என்றார் மதினி.

மூன்று பேரும் பாலத்துக்குப் போனோம். கீழே தண்ணீர் பாலத்தை இடித்துக்கொண்டு செம்மண் நிறத்தில் போனது. மதினி தாம்பாளத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துச் சூடம் கொளுத்தினார். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினார். பிறகு மாலையை மகள் கையில் திருப்பிக் கொடுத்தார். தாரணி போட்டாள். ரோஜா இதழ்கள் கொஞ்ச தூரம் தெரிந்து, மறைந்தன. பஞ்சாயத்து அலுவலகத்தில் அந்நேரம் பச்சை எழுத்து வந்திருக்கும்.

திரும்பி ஊரைப் பார்த்து நடக்கும்போது மதினி மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எட்டு வருசங் கழிச்சு வாற" என்றார் மதினி, முன்னால் பார்த்தபடியே. "எனக்குன்னு வாங்குனது, இன்னுங் கொஞ்சம் பெருசா வாங்கியிருக்கலாம்."